ஆந்தைப் பாடத்தின் நாலாவது படம்

வெள்ளிமடை பால்வாடியில் ஆந்தை முட்டையிட்ட வருஷம் அங்கே பத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள், பத்தொன்பது பேருக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, பத்தொன்பது மூக்கையும் துடைத்துவிடுவது சொர்ணத்தாய் டீச்சரின் வேலையாக இருந்தது. அதில் ஒரு மூக்கு அவள் பெற்ற மகள் வடிவினுடையது. பால்வாடிக்குள் இருக்கிறவரைக்கும் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும், வாசலைத் தாண்டினால்தான் அம்மா என்று வடிவுக்குச் சட்டம் போட்டவள் சொர்ணம்; அந்தச் சட்டத்தை மத்தியானம் மத்தியானம் மீறியவளும் அவள்தான், ஏனென்றால் பதினெட்டுப் பிள்ளைகள் தங்கள் கையால் அள்ளித் தின்கிற நேரத்தில் நாலரை வயசான வடிவுக்கு மட்டும் டீச்சர் ஊட்டிவிடுவாள். ஆயா லூர்தம்மாள் சோற்றுச் சட்டியைக் கழுவிக்கொண்டே, "பிள்ளைக்குக் கையில என்ன கோளாறு டீச்சர்?" என்று கேட்பாள். "கையில ஒண்ணுமில்ல லூர்தக்கா, உங்க வாயிலதான் கோளாறு" என்பாள் சொர்ணம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, ஊட்டினால் ஊட்டிவிட்டுப் போகட்டும் என்று ஊரும் விட்டிருந்தது.

ஆந்தை வந்து உட்கார்ந்த இடம் பால்வாடிப் பரண். பெரிய அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில், அப்பளம் போல வட்டமான வெள்ளை மூஞ்சியோடு ஒரு ஆந்தை ஆடி பிறந்ததும் குடியேறி, இரண்டு நாளைக்கு ஒன்றாக ஐந்து முட்டை போட்டுவிட்டு அசையாமல் இருந்தது. ஆந்தை அலறிய வீட்டில் சாவு விழும் என்று நம்புகிற ஊர் அது. வயலுக்குள் எலி பிடிக்க ஆந்தை வந்து உட்காரட்டும் என்று தாங்களே குச்சி நட்டு வைப்பார்கள், அதே ஆந்தை ஊருக்குள் வந்தால் கம்பைத் தூக்குவார்கள், அதில் அவர்களுக்கு ஒரு சங்கடமும் கிடையாது. அப்படி நாலு பேர் மூங்கில் கம்போடு பால்வாடிக்கு வந்தபோது சொர்ணம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "உள்ள முட்டை இருக்கு. முட்டை மேல உக்காந்திருக்கவள அடிக்க வந்தவன் எவன்னு முகத்தக் காட்டுங்கடே" என்றாள். அந்த நாலு பேர் வீட்டுப் பிள்ளைகளும் உள்ளே உட்கார்ந்து அப்பன்களையே பார்த்துக்கொண்டிருந்ததால், நாலு பேரும் கம்பை ஊன்றிக்கொண்டு, ஏதோ கால்வலிக்காக எடுத்து வந்தவர்கள் போலத் திரும்பிப் போனார்கள்.

அந்த மாசம் பறவைகளைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டிய மாசம். வழக்கமாகக் காக்கா, கிளி, மயிலோடு முடிந்துவிடும். தலைக்கு மேலேயே ஒருத்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்போது மயிலுக்கு எதற்குப் போக வேண்டும் என்று நினைத்த சொர்ணம், பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு நாலு படம் வரைந்தாள். முதல் படத்தில் முட்டை. இரண்டாவதில் பஞ்சு முளைத்த குஞ்சு. மூன்றாவதில் இறகு முளைத்து, கூட்டை விட்டு வெளியே வந்து கொம்பில் உட்கார்ந்திருக்கும் இளசு. நாலாவதில் அது பறந்து போகிறது. வாரத்துக்கு ஒரு படம் என்று கணக்கு.

முதல் படத்தை மாட்டிய திங்கட்கிழமை, அம்மா ஆந்தை ஒரு மாசம் முட்டை மேல் உட்கார்ந்திருக்கும், அப்பா ஆந்தை இரை கொண்டுவந்து கொடுக்கும், எழுந்தால் முட்டை ஆறிப்போகும் என்று அவள் சொல்லி முடித்ததும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவித்த முட்டை வந்தது. ஒரு பிள்ளை தின்னவில்லை. பத்தொன்பது பேரும் முட்டையைத் தரையில் வைத்து அதன்மேல் பதனமாகக் குந்திக்கொண்டார்கள். "ஏ பிள்ளைகளா, அது அவிச்ச முட்டைட்டி, ஒரு வருஷம் உக்காந்தாலும் பொரிக்காது" என்று லூர்தம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். சாயங்காலம் கூப்பிட வந்த தாய்மார்கள் பிள்ளைகளை உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. பாடம் நன்றாகப் பதிந்திருக்கிறது என்று சொர்ணத்துக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

இரண்டாவது படம் மாட்டிய மறுநாள் பிள்ளைகளின் பிடரியிலும் முதுகிலும் வெள்ளைப் பஞ்சு முளைத்திருந்தது. கழுத்து முக்கால் வட்டம் திரும்பியது.

அதற்குப் பிறகு ஊர் என்ன செய்தது என்று கேட்டால், ஊர் தன் வேலையைப் பார்த்தது. தலைவாரும்போது பிள்ளை ஓடுகிறது என்று இத்தனை நாள் புலம்பிய பெண்கள், பிள்ளையை முன்னால் உட்காரவைத்து, முகத்தை மட்டும் பின்னால் திருப்பிவைத்து, கதை பேசிக்கொண்டே பேன் பார்த்தார்கள். டவுன் பஸ்ஸில் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்து நின்றபடியே கடைசி சீட்டுக்காரர்களை உற்றுப் பார்த்ததால் டிக்கெட் எடுக்காதவர்கள் எல்லாம் கூசிப்போய்த் தாங்களாகவே எடுத்தார்கள். நெல் குதிருக்கு அடியில் எலி நடப்பது பிள்ளைகளுக்குக் கேட்டது. இதைக் கண்டுபிடித்த பிறகு வயக்காட்டுக்காரர்கள் சாயங்காலமானால் பால்வாடி வாசலில் வந்து நின்று, ஆளுக்கொரு பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தார்கள், பிள்ளை விரலை நீட்டிய இடத்தில் மண்வெட்டியைப் போட்டார்கள், அந்த வருஷம் வெள்ளிமடையில் எலி தின்ற கதிர் என்று ஒன்றுகூட இல்லை. ஆந்தைக்குஞ்சு தனக்குக் கிடைத்த இரையை இளைய குஞ்சுக்குக் கொடுக்கும் என்று சொர்ணம் சொல்லியிருந்தாள், அதையும் பிள்ளைகள் விடவில்லை. மூன்று வயசுப் பிள்ளைகள் தின்று முடிக்கும்வரை நாலு வயசுப் பிள்ளைகள் தட்டில் கைவைக்காமல் இருந்தார்கள். பகலெல்லாம் பத்தொன்பது பேரும் வரிசையாகத் தூங்கினார்கள், அதைப் பார்க்க அடுத்த ஊர் பால்வாடி டீச்சர்கள் இரண்டு பேர் லீவு போட்டுவிட்டு வந்து, பார்த்து, பெருமூச்சு விட்டுப் போனார்கள். ராத்திரி முழுக்க வீட்டில் கொட்டக் கொட்ட முழித்திருந்தது தாய்மார்களின் பாடு, அதை அவர்கள் சொர்ணத்திடம் வந்து சொல்லத்தான் செய்தார்கள், ஆனால் குரலில் கோபம் இல்லை.

மூன்றாவது படம் வந்தது. கைகளில் இறகு முளைத்தது, தாய்மார்கள் சட்டைக் கைகளை வெட்டி ஓரம் அடித்தார்கள். பிள்ளைகள் மதில் மேலும் கொய்யாக் கொம்பிலும் மோட்டார் பைக் சீட்டிலும் ஏறி உட்கார்ந்தார்கள், விழவில்லை, யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை. இடையில் மேற்பார்வையாளர் அம்மா ஜீப்பில் வந்து, பிள்ளைகளை எண்ண அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்ததால் கழுத்து வலி வந்து, ‘குழந்தைகள் சுறுசுறுப்பு. இறகுகள் சுத்தமாக உள்ளன’ என்று பார்வைக் குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நாலாவது படத்தைச் சொர்ணம் மாட்டவில்லை.

காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சொன்னதெல்லாம் நடக்கிற பாடம். அடுத்து என்ன என்று எல்லாருக்கும் தெரியும். கொய்யாக் கொம்பில் இறகைக் கோதிக்கொண்டிருந்த வடிவைச் சொர்ணம் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். படத்தை மடித்துச் சத்துமாவு டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்தாள். சித்திரை வந்தால் வடிவுக்கு அஞ்சு வயசு முடியும், ஜூனில் ரோட்டைத் தாண்டிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், அதை நினைத்தே தூக்கம் கெட்டிருந்தவள் அவள். வருஷா வருஷம் மற்றவர்களின் பிள்ளைகளை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பும்போது, அழுகிற தாய்மார்களை "இதுக்குப் போயி அழலாமா" என்று அதட்டியவளும் அவள்தான், அது வேறு விஷயம்.

ஆவணி போனது, புரட்டாசி போனது. மாசா மாசம் முதல் வாரத்தில் பிள்ளைகளைத் தொட்டில் தராசில் உட்காரவைத்து எடை எழுதுவது பால்வாடி வழக்கம். ஐப்பசியில் லூர்தம்மாள் எடையைப் படிக்க, சொர்ணம் எழுதிக்கொண்டே வந்தவள், நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். வடிவு பதிமூன்று கிலோ நானூறு. ஆவணியிலும் பதிமூன்று நானூறு, புரட்டாசியிலும் பதிமூன்று நானூறு. கிஷோர் பன்னிரண்டு எழுநூறு, மூன்று மாசமும் பன்னிரண்டு எழுநூறு. பத்தொன்பது பேருக்கும் அப்படியே.

"தராசு கெட்டுப்போச்சோ" என்றாள் சொர்ணம்.

லூர்தம்மாள் தராசில் ஒரு கிலோ பருப்புப் பொட்டலத்தை வைத்தாள். ஒரு கிலோ காட்டியது. "தராசு நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்றாள்.

ஊர் முதலில் இதற்கும் சந்தோஷப்பட்டது. வளருகிற பிள்ளை என்று பாவாடையில் நாலு விரல் மடிப்பு வைத்துத் தைத்திருந்த பெண்கள், மடிப்பைப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை என்று மகிழ்ந்தார்கள். செருப்பு கடிக்கவில்லை. நகம் வெட்ட வேண்டாம், முடி வெட்ட வேண்டாம். முடிவெட்டுகிறவருக்கு மட்டும் வருத்தம். பிள்ளை என்றால் இப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது என்று எந்தத் தாய்தான் ஒரு நாளாவது நினைக்காமல் இருந்தாள், இப்போது பத்தொன்பது தாய்மார்களுக்கு அது வாய்த்திருந்தது. ஆனால் கிஷோருக்கு ஆவணியில் முன்பல் ஒன்று ஆடியது. கார்த்திகையிலும் அது ஆடிக்கொண்டே இருந்தது. விழவும் இல்லை, இறுகவும் இல்லை, சோறு மெல்லும்போதெல்லாம் அவன் கண்ணில் தண்ணீர் முட்டும். அவன் அம்மா மாரிச்செல்வி ஒரு நாள் காலையில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்வாடிக்கு வந்து, அவன் வாயைத் திறந்து காட்டினாள்.

"ரெண்டு வயசு இளையவ வீட்டுல இருக்கா டீச்சர். அவளுக்கு இப்ப இவன் சட்ட சரியாயிருக்கு. இன்னும் ரெண்டு வருஷத்துல அவ இவனுக்கு அக்கா ஆயிருவா. நீங்க நாலாவது படத்தப் போடுற வரைக்கும் எம் பிள்ள இப்படியே பல்லாடிக்கிட்டுத்தான் இருக்கணுமா?"

"நாலாவது படத்தப் போட்டா பறந்து போயிருவாங்களே மாரிச்செல்வி" என்றாள் சொர்ணம்.

"தெரியும்." மாரிச்செல்வி பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "நீங்க டீச்சர்தானே. நீங்க சொல்றதுதானே நடக்குது. பறந்து போகும், ஆனா பொழுதடைஞ்சா அம்மாகிட்ட வந்துரும்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லுங்க. நாங்க யாரு கேக்கப்போறோம்?"

சொர்ணத்துக்கு அது தோன்றாமலா இருந்தது, மூன்று மாசமாக அவள் மனசில் ஓடிய யோசனையே அதுதான், தன் பிள்ளைக்காகப் பாடத்தை மாற்றினாள் என்று பேச்சு வரக்கூடாதே என்று இருந்தாள், இப்போது ஊரே வந்து கேட்டுவிட்டது. அன்றைக்கே பிள்ளைகளை மதிலிலிருந்து இறக்கி உட்காரவைத்தாள். குஞ்சு பெரியதாகும், பறக்கும், நல்லா ஊர் சுத்தும், சாயங்காலம் ஆனதும் அம்மாகிட்ட வந்து மடியில் படுத்துக்கொள்ளும் என்று, கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி, தன் பதினாலு வருஷ அனுபவத்தில் அவ்வளவு அழகாக ஒரு பாடமும் நடத்தியிராத மாதிரி நடத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பத்தொன்பது பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கண் சிமிட்டாமல்.

"ஆந்தை அப்படிச் செய்யாது டீச்சர்" என்றாள் வடிவு. கைநீட்டிப் பரணைக் காட்டினாள்.

பரணில் ஒன்றும் இல்லை. சொர்ணம் அதைக் கவனித்துக்கொண்டுதான் வந்திருந்தாள், கவனிக்காத மாதிரி இருந்தாள். ஐந்து குஞ்சும் பொரித்து, எலி தின்று, அண்டாவின் விளிம்பில் நடை பழகி வளர்ந்து வந்தன. ஐப்பசி நடுவில் தாய் எலி கொண்டுவருவதைக் குறைத்தது. குஞ்சுகள் கத்தின. தாய் எதிரே வேப்பமரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது, வரவில்லை. "கல்நெஞ்சக்காரி" என்று சொர்ணம் ஜன்னல் வழியாக அதைத் திட்டினாள். ஒவ்வொன்றாகக் குஞ்சுகள் போயின, ஒன்றும் திரும்பவில்லை, கடைசிக் குஞ்சு போன மறுநாள் தாய் ஆந்தை காலி பரணை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நாழிகை நேரம் இறகைக் கோதிவிட்டுப் போயிற்று. பிள்ளைகளும் இதையெல்லாம் பார்த்திருக்கிறார்கள். அவளைவிட நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போய்ப் புருஷன் சுடலைமணியிடம் சொன்னாள். அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். "ஏளா, நம்ம பிள்ளைய விட்டுட்டு மத்த பதினெட்டுக்கும் மட்டும் நடத்த முடியுமா?" என்று கேட்டான்.

"முடியும். வடிவ வீட்டுல வச்சுட்டுப் போனா முடியும்."

"வச்சுட்டுப் போயேன்."

"அப்புறம் அவ கூடப்பிறந்ததா நினைச்ச பிள்ளைகள்லாம் கல்யாணம் முடிச்சு வரும். இவ பதிமூணு கிலோ நானூறுல நம்ம ரெண்டு பேரு சாவுக்கும் நிப்பா. கொள்ளிச் சட்டியத் தூக்கக்கூட அவளுக்குப் பெலன் இருக்காது" என்றாள் சொர்ணம். சொன்ன பிறகுதான், தான் ஏற்கெனவே முடிவு எடுத்துவிட்டது அவளுக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், தாய்மார்களும் தகப்பன்மார்களும் ஜன்னலுக்கு வெளியே நிற்க, வடிவு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, சொர்ணம் டப்பாவுக்குப் பின்னாலிருந்து நாலாவது படத்தை எடுத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, ஆணியில் மாட்டினாள்.

"இது நாலாவது படம். குஞ்சுக்கு இறகு முழுசா வளந்தாச்சு. இப்ப அம்மா ஆந்தை எலி கொண்டுவர்றதக் குறைச்சுக்கும்."

"ஏன் டீச்சர்?" என்றான் கிஷோர்.

"பசிச்சாத்தான் அது தானாத் தேடும்."

"குஞ்சு கத்தும்லா, அம்மாவுக்குப் பாவமா இருக்காதா?" என்று கேட்டாள் வடிவு.

"இருக்கும்" என்றாள் சொர்ணம். "ரொம்பப் பாவமா இருக்கும். இருந்தாலும் மரத்துலயே உக்காந்திருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் குஞ்சு பறந்து போயிரும். தனக்குன்னு ஒரு இடம் பாத்துக்கும், தானே எலி பிடிக்கும், தானே கூடு பாத்து முட்டை போடும்."

"அம்மாகிட்டத் திரும்பி வராதா டீச்சர்?"

"வராது" என்றாள்.

பொழுது சாயும்வரை பிள்ளைகள் தூங்கினார்கள். வயல்மேல் வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் எழுந்து, வரிசையாக நடந்து, மதில்மேல் ஏறி நின்றார்கள். ஒருத்தரும் அழவில்லை, டாட்டா காட்டவில்லை. முதலில் கிஷோர் போனான். பிறகு இரண்டு பேர் சேர்ந்தாற்போல, பிறகு ஒவ்வொருவராக, சத்தமே இல்லாமல், கதிர் அறுத்த வயலுக்கு மேலே தாழ்வாகப் பறந்து, ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஊர் முழுக்க வரப்பில் நின்றது. வடிவு கடைசியாகக் கிளம்பினாள், மதிலைக் காலால் உந்தினாள், ஆற்றுப்பக்கம் திரும்பினாள். சுடலைமணி அண்ணாந்து பார்த்தபடி, "எம் பிள்ள எவ்வளவு நேராப் போறா பாரு" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். சொர்ணம் ஓவென்று அழுதாள். பத்துப் பதினைந்து வருஷமாக மற்ற தாய்மார்களை அழாதே அழாதே என்று அதட்டியதற்கெல்லாம் சேர்த்து அழுதாள், லூர்தம்மாள் அவளைத் தடுக்காமல் பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு வெள்ளிமடையில் யாரும் உலை வைக்கவில்லை.

ஆந்தைக்குஞ்சு திரும்பி வராது என்று சொர்ணம் சொன்னதில் பொய் இல்லை. விடிந்ததும் வயல்வழியாக நடந்து வந்தவர்கள் ஆந்தைக்குஞ்சுகள் இல்லை. இறகெல்லாம் வழியிலேயே உதிர்ந்திருந்தது, கழுத்து எல்லாருக்கும் திரும்புகிற அளவுக்குத்தான் திரும்பியது, காலில் முழங்கால்வரைக்கும் சேறு. பத்தொன்பது பேரும் பத்தொன்பது திசையிலிருந்து தனித்தனியாக, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிக்காமல், அவரவர் மூக்கை அவரவரே துடைத்துக்கொண்டு வந்தார்கள். வரச்சொல்லி அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கிஷோர் விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு வந்தான், அம்மா கேட்டும் திறந்து காட்டவில்லை.

வடிவு கடைசியில்தான் வந்தாள். சொர்ணம் தெருமுனைக்கே ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டினாள். வடிவு நின்று அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள், சிரித்தாள், நீட்டிய கைக்குக் கீழே குனிந்து, அவளைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். சொர்ணம் பின்னாலேயே போய், வெந்நீரை விளாவி வைத்து, சோப்பை எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக் குளியலறைக்குள் நுழையப் போனாள். வடிவு அவள் கையிலிருந்து சோப்பை வாங்கிக்கொண்டாள்.

"எம்மா, நீ வெளிய இரு. நானே குளிச்சுக்கிடுதேன்."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் எட்டாததால் ஒரு வாளியை இழுத்துக் கதவுக்கு அண்டக்கொடுக்கிற சத்தம் கேட்டது, பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம், பிறகு ஏதோ தெரியாத பாட்டு. சொர்ணம் துண்டோடு வாசலில் நின்றாள். முதுகுக்குச் சோப்பு எட்டாதே என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.